படிப்பறைச் சுவரில் அம்மா

திருமுல்கேரி
சிக்கந்தராபாத்
16.6.2024

என் செல்ல ஹர்ஷிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மோகன் மாமா, அத்தை, நான் எல்லோரும் சௌக்கியம். உனக்கு அங்கே சாப்பாடு இறங்குகிறதா? தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டிக்கொள். சளி பிடித்தால் பார்த்துக்கொள்ள நான் பக்கத்தில் இல்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று மாமா சிரிக்கிறார். சிரிக்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமை உன் காலேஜ் கேட் வரைக்கும் வந்தேன், தெரியுமா? விசிட்டர் கார்டில் அப்பாவின் போட்டோ மட்டும்தான் இருக்கிறதாம், உள்ளே விட மாட்டார்களாம். போன் பேசலாம் என்றால் அதுவும் அப்பாவின் நம்பருக்குத்தானாம். பெற்றவளுக்குக் கார்டில் இடமில்லை, பார்த்துக்கொள். தபால் வந்தால் கொடுப்போம், வார்டன் மேடம் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று வாட்ச்மேன் சொன்னார். நன்றாகப் படிக்கட்டும். அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது அல்லவா? நீயும் தமிழிலேயே எழுது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அம்மா வேலை கற்றுக்கொள்ளப் போகிறாள். நாச்சாரத்தில் ஓர் அச்சுக்கூடம். மாமா காலனியில் கோடி வீட்டில் பூர்ணா என்று ஒரு பெண் இருக்கிறாள், முப்பது வயதுகூட இருக்காது. மரக்கட்டையில் செதுக்கிய பெரிய பெரிய எழுத்துக்களை அடுக்கி, மை தடவி, போஸ்டர் அடிக்கிறாள். கம்ப்யூட்டரில் அடித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையாம், இப்படிக் கட்டையில் அடித்தால் காபி கடைக்காரன், கல்யாண வீட்டுக்காரன் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்களாம். அவளிடம் இன்டர்னாகச் சேர்ந்திருக்கிறேன். இன்டர்ன் என்றால் என்ன என்று அத்தை கேட்டாள். வேலைக்காரிதான், ஆனால் சம்பளம் கேட்கக் கூடாது என்றேன். டிசம்பர் வரைக்கும் இப்படி. அதற்கப்புறம், சேர்ந்திருக்கிற எங்கள் இரண்டு பேரில் ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வாளாம்.

அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும், ஹர்ஷி. நான் வீட்டை விட்டு வந்த அன்று உன் அப்பா என்ன சொன்னார் என்று உனக்கும் தெரியும். "ஒரு வேலை, உன் பேர்ல ஒரு வாடகை வீடு, ரெண்டையும் காட்டு. மறுநாளே கையெழுத்துப் போட்டு அவளை அனுப்பறேன். உங்க அண்ணன் வீட்டு ஹால்ல என் பொண்ணு படுக்க மாட்டா." சொன்னது சொன்னதுதான், அந்த மனுஷர் சொன்ன சொல் மாற மாட்டார். அதுதான் அவருடைய நல்ல குணமும், கெட்ட குணமும்.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா


விடுதி
3.7.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதச் சொல்லித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எழுதிவிட்டேன். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? முதுகு வலி?

எழுத்துப்பிழை இருந்தால் திட்டாதே. திருச்சியில் அஞ்சாவது வரைக்கும் படித்த தமிழ். 'ர' வா 'ற' வா என்று யோசிப்பதற்குள் ஸ்டடி ஹவர் பெல் அடித்துவிடுகிறது.

இங்கே விடிவதற்கு முன்னால் எழுப்பி ஒரு பெரிய ஹாலில் உட்கார வைக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசக் கூடாது. தூங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர். மார்க் குறைந்தால் கடைசி பெஞ்ச், இன்னும் குறைந்தால் வேற செக்ஷன். பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, ராங்க்கைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஒரே ஒரு நல்ல விஷயம், பக்கத்துக் கட்டில் அக்ஷதா. சிக்கந்தராபாத் பெண். அவளுடைய தாத்தாவின் தாத்தா காலத்திலேயே வந்த தமிழ்க் குடும்பமாம். அவள் தமிழ் பேசினால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்கு கைக்கு. முதல் நாள் நான் அழுதுகொண்டிருந்தபோது, "கைக்கு அழற? நக்கோ அழாத, இங்க அழுதா தலகாணிதான் நனையும், வேற தலகாணி தர மாட்டாங்க" என்றாள். சிரித்துவிட்டேன். அவள் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும்.

நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டதற்கு என்னை ஏன் உள்ளே போட்டார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சரி, விடு. அந்த வேலையை வாங்கு.

அன்பு மகள்
ஹர்ஷிதா


திருமுல்கேரி
28.7.2024

என் செல்லத்துக்கு,

உன் கடிதத்தை மூன்று நாளாகக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். எல்லோரும் நலம். முதுகு வலிக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கிறது. அக்ஷதாவுக்கு என் ஆசீர்வாதம். அவளை வீட்டுக்குக் கூட்டி வா, வயிறு முட்டச் சோறு போடுகிறேன்.

என் படிப்பைக் கேள். அச்சுக்கூடத்தில் எல்லாம் இடம் வலம் மாறிக் கிடக்கும். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். எனக்கு நேராக இருந்தாலே தெலுங்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், இதில் கண்ணாடித் தெலுங்கு! முதல் வாரம் ஒரு காபி கடைப் போஸ்டரில் ஓர் எழுத்தைத் தலைகீழாக வைத்துவிட்டேன். மெஷின் ஓட்டுகிற நூர் முகமது பாய் கத்தின கத்தில் ஷெட் தகரம் அதிர்ந்தது. அவருக்கு யாரைப் பார்த்தாலும் கோபம், மெஷினைப் பார்த்தால் இன்னும் கோபம்.

என்னோடு சேர்ந்தவன் தீபக். டிசைன் காலேஜில் படிக்கிற பையன். "ஆன்ட்டி, நீங்க கிரசின் போட்டு எழுத்தைக் கழுவுங்க, நான் லேஅவுட் பார்த்துக்கறேன்" என்றான் முதல் நாளே. கழுவினேன். நகக்கண்ணில் ஏறின மை இன்னும் போகவில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். எழுத்தைக் கழுவுகிறவளுக்குத்தான் எந்த எழுத்து எத்தனை இருக்கிறது, எது உடைந்தது, எது தேய்ந்தது என்று தெரியும். இருக்கிற கட்டைகள் கொஞ்சம்தான். ஒரு வாக்கியத்தில் ஒரே எழுத்து அடிக்கடி வந்தால் கட்டை போதாது. எழுத நினைத்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது, கட்டையில் இருப்பதைத்தான் எழுத முடியும். தீபக் அழகழகாகக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டு வருவான், கட்டை இல்லை என்று நான் சொல்வேன், அவன் முகம் சுருங்கும். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. தப்புதான், என்ன செய்ய.

மெலிந்துவிடாதே. பால் வேண்டாம் என்று சொல்லாதே.

அம்மா


விடுதி
22.8.2024

அம்மா,

உடம்பு பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

சீக்கிரம் எழுதி முடிக்க வேண்டும். போன டெஸ்டில் என்னைக் கீழ் செக்ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "கான்சன்ட்ரேட் பண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். டாக்டர் ஆக வேண்டும் என்று நான் எப்பவாவது சொன்னேனா அம்மா? எனக்கு ஞாபகமே இல்லை. நீ சொன்னாயா, அவர் சொன்னாரா?

டிசம்பர் ரொம்ப தூரத்தில் இருக்கிறது. அந்த தீபக்கைத் தோற்கடி. எப்படியாவது என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு. சின்ன வீடு போதும். நான் சமையல் செய்கிறேன், பாத்திரம் தேய்க்கிறேன், வெளியில் இருந்து ஏதாவது ஒரு காலேஜ் போகிறேன். இங்கே என்னால் முடியவில்லை அம்மா. இதை அப்பாவிடம் சொல்ல முடியாது, உன்னிடம்தான் சொல்ல முடியும், வார்டன் மேடத்துக்குத் தமிழ் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

ஹர்ஷி


திருமுல்கேரி
15.9.2024

என் கண்ணே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க அழுதேன். அத்தை கேட்டாள், வெங்காயம் என்றேன். கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன், அதில் ஏது வெங்காயம்? அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. தைரியமாக இரு. நான் சொல்வதைக் கேட்டால் உனக்கே தைரியம் வரும்.

பூர்ணாவுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. யாரிடமிருந்து என்று நினைக்கிறாய்? உன் காலேஜ்! உங்கள் படிப்பறையிலும் மாடி வராந்தாக்களிலும் மாட்டுவதற்குப் பெரிய போஸ்டர் வேண்டுமாம், கையால் அடித்ததாக வேண்டுமாம், பெற்றோர் வந்து பார்த்தால் கௌரவமாக இருக்க வேண்டுமாம். அவர்கள் கொடுத்த வாசகம் ஒரு முழம் நீளம். உழைப்பு, லட்சியம், வெற்றி, அது இது என்று. நான் ஒரு தடவை பார்த்துவிட்டு, "இதுக்குக் கட்டை கிடையாது" என்றேன். பெரிய சைஸ் தெலுங்குக் கட்டையில் பாதி எழுத்து இரண்டு மூன்றுக்கு மேல் இல்லை. தீபக் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தான், எதற்குமே கட்டை பற்றவில்லை. பூர்ணா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஆன்ட்டி, இருக்கிற எழுத்துல ஏதாவது வருமா? சின்னதா? மனசுல தைக்கிற மாதிரி?"

எனக்கு உன் நினைப்புதான், வேறென்ன. கட்டைகளை எடுத்து வரிசையாக வைத்தேன். 'அம்ம எதுரு சூஸ்தோந்தி.' அம்மா காத்திருக்கிறாள். அவ்வளவுதான். எல்லா எழுத்தும் இருந்தது. பூர்ணா எழுந்து நின்று படித்தாள். அவள் கண் கலங்கிவிட்டது, நிஜமாகச் சொல்கிறேன். தீபக்கே, "சூப்பர் ஆன்ட்டி" என்றான். நூர் பாய் மட்டும், சீக்கிரம் இறுக்கிக் கட்டுங்கள், மை காய்கிறது என்று கத்தினார்.

சிவப்பு மையில் அடித்தோம். கட்டை காகிதத்தில் அழுந்தின தடம் விரலுக்குத் தெரியும், தடவிப் பார். காலேஜ்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். இந்த வாரம் உங்கள் சுவருக்கு வரும். கேட்டில் என்னை விடவில்லை அல்லவா, இப்போது உள்ளேயே வந்துவிட்டேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள். உனக்காக எழுதினது, மற்றவர்களுக்கு அது வெறும் போஸ்டர்.

முத்தங்களுடன்
அம்மா


விடுதி
10.10.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கள் மகள் ஹர்ஷிதா எழுதிக்கொள்வது. நான் இங்கு நலமாக இருக்கிறேன். தாங்களும் மாமாவும் அத்தையும் நலம் என நம்புகிறேன்.

விடுதியில் உணவு தரமாக உள்ளது. ஆசிரியர்கள் அக்கறையுடன் கற்பிக்கிறார்கள். தாங்கள் குறிப்பிட்ட சுவரொட்டி படிப்பறையில் மாட்டப்பட்டுள்ளது. அது மாணவிகளுக்கு மிகுந்த ஊக்கம் அளிக்கிறது.

வேதியியல் ஆசிரியர் சாரங்கபாணி சார் தமிழ் அறிந்தவர். என் கடிதங்களில் உள்ள எழுத்துப்பிழைகளை இனி அவர் பார்த்துத் தருவார்.

தங்கள் அன்பு மகள்
ஹர்ஷிதா


திருமுல்கேரி
27.10.2024

என் ராஜாத்திக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் பார்த்து அத்தை மூக்கின் மேல் விரல் வைத்தாள். ஒரு பிழை இல்லை! 'தாங்கள்' என்கிறாய், 'தரமாக உள்ளது' என்கிறாய். போன தடவை அழுத பெண்ணா இது? சாரங்கபாணி சாருக்கு என் நமஸ்காரத்தைச் சொல். நல்ல மனுஷர், வேற ஊரில் தமிழ்ப் பிள்ளை என்று பார்த்துச் செய்கிறார். ஆனால் ரொம்ப இலக்கணமாக எழுதாதேடி, எனக்கு யாரோ கலெக்டருக்கு மனுப் போட்ட மாதிரி இருக்கிறது. நாலு வரி திட்டியாவது எழுது.

போஸ்டரைப் பார்த்து ஊக்கம் வருகிறது என்று எழுதினாயே, அந்த வரியைப் பூர்ணாவிடம் படித்துக் காட்டினேன். அவள் அதைக் காலேஜ் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது அவர்களுடைய எல்லாக் கிளைகளுக்கும் அதே போஸ்டர் வேண்டுமாம். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் எத்தனை ஊர் உண்டோ அத்தனை ஊர். பேப்பர் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. தீபக் போன வாரம் நின்றுவிட்டான், பெங்களூரில் ஏதோ கம்பெனியாம். போகும்போது, "ஆன்ட்டி, மனசுல நிக்கிற லைன் உங்க கையில இருக்கு" என்றான். பூர்ணாவும் சொல்லிவிட்டாள், இந்த ஆர்டர் முடிந்ததும் எனக்கு வேலை ஆர்டர் கொடுப்பாளாம், அதை வைத்துக்கொண்டு வீடு பேசலாமாம்.

இது உன்னால் வந்தது ஹர்ஷி. தீபாவளிக்குத் தின்பண்டம் அனுப்ப விடவில்லை, அடுத்த வருஷத் தீபாவளி நம் வீட்டில். எண்ணெய் தேய்த்து விடுகிறேன், ஓடாமல் உட்கார வேண்டும்.

அம்மா


திருமுல்கேரி
24.11.2024

ஹர்ஷிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பரீட்சையா? உடம்பு சரியில்லையா? அப்பாவுக்குப் போன் போட்டேன், நன்றாக இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவருக்கு நன்றாக இருப்பதென்றால் ராங்க் ஏறியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாமா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு பார்த்திருக்கிறேன். உனக்குத் தனி அறை, ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். டிசம்பருக்குள் சாவி வாங்கிவிடுவேன். பேப்பர் வந்துவிட்டது, அடுத்த வாரம் அச்சு. நான் இங்கே ஒற்றைக்காலில் நிற்கிறேன், நீ ஒரு கார்டு போடக் கூடாதா? கோபமென்றால் கோபத்தை எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது, எழுதாமல் மட்டும் இருக்காதே.

கவலையோடு
அம்மா


விடுதி
1.12.2024

அம்மா,

இதை அக்ஷதாவின் அப்பா உன் கையில் கொடுப்பார். அவர் மாதம் இரண்டு தடவை அவளைப் பார்க்க வருவார். அவள் கெஞ்சிக் கேட்டதால் சட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போகிறார். பதில் கொடுத்தால் அவரிடமே கொடு, தபாலில் போடாதே. நான் உயிரோடு இருக்கிறேன், ஜுரம் இல்லை, நீ அழாமல் படி.

சாரங்கபாணி சார் என் எழுத்துப்பிழையைத் திருத்தவில்லை அம்மா. என் கடிதத்தைத் திருத்தினார். ஆகஸ்டில் உனக்கு எழுதிய கடிதத்தை வார்டன் மேடம் போட்டோ எடுத்து வைத்திருந்தார். புதிதாக வந்த சாரிடம் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அக்டோபர் கடிதத்தை சார் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதற்கப்புறம் எழுதவில்லை. நீ அவருக்கு நமஸ்காரம் சொன்னாய். உனக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்தேன். நான் உன்னைத் தாங்கள் என்று சொல்வேனா?

இப்போது போஸ்டர். அது வந்த அன்று யாரும் பார்க்காதபோது போய்த் தடவிப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரியே அழுந்தியிருந்தது. உன் கை என்று தோன்றியது. எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று அவ்வளவு ஆசை, இது என் அம்மா அடித்தது என்று. சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு பெண் ஸ்டடி ஹவரில் தூங்கிவிட்டாள். வார்டன் மேடம் அவளை அதற்குக் கீழே நிறுத்திச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அம்ம எதுரு சூஸ்தோந்தி. "உங்க அம்மா காத்துக்கிட்டு இருக்கா, நீ தூங்கற, வெக்கமா இல்ல? படி. இன்னொரு தடவை படி." அவள் அழுகிற வரைக்கும் படிக்க வைத்தார். அழுதால்தான் விடுவார்கள், அழுதால்தான் மனசில் ஏறியிருக்கிறதாம்.

இப்போது அதுதான் இங்கே வழக்கம். தூங்கினால், மார்க் குறைந்தால், திரும்பிப் பார்த்தால், அந்தச் சுவர். முதலில் எல்லோரும் சிரித்தோம். இப்போது யாரும் சிரிப்பதில்லை. என்னையும் நிறுத்தினார்கள், நிறைய தடவை. நான் அழ மாட்டேன் என்று நின்றேன். பிறகு உன் முகம் ஞாபகம் வந்துவிட்டது, அழுதுவிட்டேன். அவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அக்ஷதாவுக்கு அம்மா இல்லை. இங்கே சேருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் போனார்கள், கேன்சர். மேடத்துக்குத் தெரியும். தெரிந்தும் போன வாரம் அவளை நிறுத்தினார், ரூல் எல்லோருக்கும் ஒன்றுதானாம். அவள் அழவில்லை. அழாததால் விடவே இல்லை. டிபன் பெல் அடிக்கும் வரைக்கும் படித்துக்கொண்டே நின்றாள், தொண்டை கட்டிப்போகும் வரைக்கும். கட்டிலுக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "இத எழுதினவங்க நல்லாவே இருக்க மாட்டாங்க ஹர்ஷி" என்றாள். நான் ஹவ் என்றேன். அம்மா, நானும் ஹவ் என்றேன்.

அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாக் கிளைகளுக்கும் இது போகப் போகிறது என்று நீ எழுதினாய், சாரும் சொன்னார். அடிக்காதே அம்மா. மாட்டேன் என்று சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும், வீடு போனால் போகட்டும். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன், என்னால் முடியும், அக்ஷதா இருக்கிறாள். இதை அடிக்க மட்டும் அடிக்காதே. நான் உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஹர்ஷி


திருமுல்கேரி
14.12.2024

ஹர்ஷி,

நீ கேட்டதை நான் செய்யவில்லை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே பூர்ணாவிடம் போய்ச் சண்டை போட்டேன். உன் கடிதத்தைத் தெலுங்கில் சொல்லிக் காட்டினேன், எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில். அவள் வெளுத்துப்போய் உட்கார்ந்தாள். கெட்ட பெண் இல்லை அவள். அப்புறம் சொன்னாள்: "ஆன்ட்டி, நான் முடியாதுன்னு சொன்னா அவங்க இருக்கிறதையே ஸ்கேன் பண்ணி ஃப்ளெக்ஸ்ல போட்டுக்குவாங்க. அந்த லைன் இனிமே நம்ம கையில இல்ல. இந்த ஆர்டரை விட்டா எனக்கு ஆள் எடுக்க வழியில்ல. நீங்களே சொல்லுங்க, நிறுத்திடவா?"

முடிவை என் வாயில் விட்டுவிட்டாள், பாவி. வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தால், அடி என்று அவளே சொல்லியிருந்தால், யாரையாவது திட்டிக்கொண்டு இருந்திருப்பேன்.

நான் அந்த ஷெட் வாசலில் போய் நின்றேன். மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும்? வேலை இல்லை, வீடு இல்லை, அப்பாவின் கையெழுத்து இல்லை. போஸ்டர் அப்படியே இருக்கும், அதற்குக் கீழே நீயும் இருப்பாய். அடித்தால் நீ மட்டுமாவது வெளியே வருவாய். எத்தனையோ ஊர், எத்தனையோ பிள்ளைகள், எனக்குத் தெரியும். அக்ஷதாவும் தெரியும். எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய், "அடிக்கலாம்" என்றேன். தெரியாமல் செய்தேன் என்று நாளைக்கு நான் சொல்லக் கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

நூர் பாய் மெஷினை ஓட்டினார், நான் காகிதம் கொடுத்தேன். காயப்போட்ட கம்பி முழுக்க அதே வார்த்தை. கடைசி நாள் நூர் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஒரு நாள் மட்டும் கத்தவில்லை.

வேலை ஆர்டர் வாங்கிவிட்டேன். வீட்டுச் சாவியும் வாங்கிவிட்டேன். அப்பா இரண்டையும் பார்த்தார், சொன்னபடி கையெழுத்துப் போட்டார். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, 28ஆம் தேதி, நானே வருகிறேன். என் போட்டோ ஒட்டின கார்டோடு வருகிறேன். நீ என்னைத் திட்டு, பேசாமல் இரு, சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொள், எல்லாவற்றையும் நம் வீட்டில் வந்து செய். அங்கே இருந்து செய்யாதே.

இந்தக் கடிதத்தை அக்ஷதாவின் அப்பாவிடம்தான் கொடுக்கப் போகிறேன். நல்ல மனுஷர். போன தடவை வந்தபோது, "எங்க பாப்பாவுக்கு உங்க பொண்ணுதான் இப்ப எல்லாமே" என்றார். காபி கொடுத்தேன். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

அம்மா


விடுதி
20.12.2024

அம்மாவுக்கு,

இதைத் தபாலிலேயே போடுகிறேன். சாரங்கபாணி சார் படிக்கட்டும், எனக்குப் பரவாயில்லை.

உன் கடிதத்தை அக்ஷதாவின் அப்பா கொடுத்துவிட்டுப் போனார். "என்ன எழுதியிருக்காங்க? வீடு கிடைச்சுதா?" என்று அக்ஷதா கேட்டாள். எனக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டாள். நான் போன பிறகு என் கட்டிலுக்கு யார் வந்தாலும் பேச மாட்டேன் என்று சொன்னாள். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். இது என் அம்மா எழுதியது என்று சொன்னேன். எல்லாக் கிளைகளுக்கும் அடித்ததும் அவள்தான், தெரிந்தே அடித்தாள், என்னை வெளியே எடுப்பதற்காக அடித்தாள் என்று சொன்னேன்.

அவள் சத்தம் போடவில்லை. திட்டவும் இல்லை. "உனக்கு அம்மா இருக்காங்க, அதான்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு மதியமே வார்டன் மேடத்திடம் கேட்டு ஹாலின் அந்தப் பக்கம் கட்டிலை மாற்றிக்கொண்டாள். இப்போது என்னோடு பேசுவதில்லை. அவள் சொல்லி மற்றவர்களும் பேசுவதில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

28ஆம் தேதி வா. பெட்டி கட்டி வைத்திருக்கிறேன். நீ அடித்ததற்காக வரவில்லை. இங்கே எனக்கு இனி யாரும் இல்லை, அதனால் வருகிறேன்.

ஹர்ஷிதா